கதவு நிலையில் வளர்ந்த சவுக்கு

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சவுக்கைப் பார்த்துவிட்டு, ‘இது பைன் மரம்தானே?’ என்று கேட்பார்கள். ஊசி ஊசியாகத் தொங்குவதையும் காற்றடித்தால் இரைவதையும் வைத்து அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். திண்டிவனத்தில் ஒரு சவுக்கு மண்டியில் பல வருஷம் கம்பு பிரித்தவன் நான். இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். எங்களுக்குப் பைன் என்றால் இதுதான், வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்பேன். படித்தவர் ஒருவர், இது நம் நாட்டு மரமே இல்லை, கடல் தாண்டி வந்தது என்று எனக்குப் பாடம் எடுத்தார். மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை எங்கள் பாட்டன் காலம் முதல் நின்று, அடுப்பில் எரிந்து, கல்யாணப் பந்தலைத் தாங்கிய மரம் அது. இதற்கு மேலும் ஒரு மரம் இந்த ஊர் மரம் ஆவதற்கு வேறு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

கம்பு பிரிப்பது என்றால், லாரியில் வந்து இறங்கும் சவுக்கைப் பருமன் பார்த்துத் தனித்தனியாக அடுக்குவது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது ஒரு பக்கம், பந்தலுக்குப் போவது ஒரு பக்கம், கோணலும் முண்டும் விறகுக்கு. ஒரு கம்பைத் தூக்கிப் பார்த்தே எத்தனை வருஷத்து மரம், தண்ணீர் குடித்து வளர்ந்ததா தாகத்தில் வளர்ந்ததா என்று சொல்லிவிடுவேன். என் கண்ணை யாரும் ஏமாற்ற முடியாது என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிர்தான் எனக்கு வினையாக வந்து சேர்ந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்களுக்கு ஒரே மகன். அவன் முதன்முதலில் வாசல் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற அன்று, என் மனைவி அவன் தலைக்கு நேராக நிலையில் கண்மையால் ஒரு கோடு போட்டாள். மை அழிந்துவிடும் என்று பிறகு அதையே ஆணியால் கீறி வைத்தாள். அந்தக் கோடு என் தொடை உயரத்துக்கு இருந்தது. அடுத்த கோடு எப்போது போடுவது என்று அவனைத் தினமும் பிடித்து நிறுத்திப் பார்ப்பாள். அவன் நிற்க மாட்டான், ஓடப் பார்த்து விழுவான்.

அந்தச் சித்திரையில் அவனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. முதல் நாள் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல் முளைக்கிறது என்றார்கள். இரண்டாம் நாள் காலையில் கண் உள்ளே போய்விட்டது, நாக்கை நீட்டி நீட்டித் தண்ணீர் கேட்டான். சொம்பை எடுத்தவளின் கையைப் பிடித்துத் தடுத்தது நான்தான்.

“குடுக்காதே. குடுக்கக் குடுக்க போய்க்கினேதான் இருக்கும். வயித்தக் காயப் போட்டாத்தான் நிக்கும்.”

“புள்ள கேக்குறானே... நாக்கு ஒட்டிக்கினு இருக்கு பாருங்க.”

“சொன்னா கேளு. கொஞ்சம் பொறுத்துக்கட்டும்.”

அந்த நாளில் எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், நானும் பல வருஷம் எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். ஆனால் எல்லோருடைய கையும் அன்று என் வீட்டில் இல்லை, என் கைதான் இருந்தது. மத்தியானம் நான் போய் வண்டி பிடித்து வர, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். சாயங்காலத் தொழுகைக்கு முன்னால் பிள்ளை போய்விட்டான்.

எங்கள் ஜமாத்தின் மையவாடி பாண்டிச்சேரி போகும் ரோட்டில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளை ரோட்டோரச் சுவரை ஒட்டித்தான் அடக்குவார்கள். அடக்கம் செய்த கையோடு கபரின் தலைமாட்டில் ஏதாவது ஒரு பச்சைக் கொத்தை நட்டுவிட்டு வருவது வழக்கம். அது பச்சையாக இருக்கும் வரை இறைவனைத் துதித்துக்கொண்டிருக்கும், உள்ளே படுத்திருப்பவருக்கு அதனால் ஆறுதல் என்பார்கள். அன்று கையில் கிடைத்தது ஒரு வேப்பங்கொத்து. சித்திரை வெயிலில் அது எத்தனை நாள் தாங்கும்? மூன்றாம் நாளே சருகாகிவிட்டது.

எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. அதனால் வீட்டில் இருந்தபடியே அவள் என்னைக் கேட்பாள்.

“பச்சையா இருக்குதா?”

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. பள்ளிவாசலில் தொழ வைக்கும் ஹஜ்ரத் எங்கள் வீட்டு வாசலில் நின்று, பால் மணம் மாறாத பிள்ளைக்கு என்ன குறை, அது சொர்க்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும், பச்சை இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று நல்ல வார்த்தை சொன்னார். திரைக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டாள். அவர் போனதும் என்னிடம் சொன்னாள்.

“அது சரிதான். ஆனா பச்சையா இருக்கணும். காஞ்சு போவாத மரமா ஒண்ணு வைங்க. எங்க ஊரு சவுக்கு வைங்க. அது தாகம் தாங்கும். ஜல்தியா வளரும், சுவருக்கு மேல வந்துடும். எங்க அம்மா வீட்டுக்குப் போறப்ப பஸ்லேர்ந்து பாத்துக்குவேன்.”

அவள் கோட்டக்குப்பத்துக்காரி. சவுக்குத் தோப்பின் இரைச்சலில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகித் திண்டிவனம் வந்த புதிதில், இந்த ஊரில் காற்றுக்குச் சத்தமே இல்லையே என்று குறைப்பட்டவள். அந்த மரத்தைத்தான் கேட்டாள், மர மண்டியில் வேலை பார்ப்பவனிடம் கேட்டாள். இதைக்கூடச் செய்ய மாட்டேனா?

மழைக்காலம் தொடங்கும் வரை பொறுத்திருந்து, அவள் ஊர்ப் பக்கத்து நாற்றங்காலிலிருந்து முழங்கால் உயரக் கன்று ஒன்றை வாங்கி வந்தேன். கூடவே ஒரு பழைய தோப்பின் அடிமண் ஒரு கூடை. புது இடத்தில் சவுக்கு வைக்கும்போது பழைய சவுக்கு நின்ற மண்ணைக் கலந்து வைக்க வேண்டும். வேரில் சின்னச் சின்ன முடிச்சு விட்டால்தான் அது பிழைக்கும், அந்த முடிச்சு பழைய மண்ணிலிருந்துதான் வரும். தாய்வீட்டுச் சீர் மாதிரி என்று மண்டியில் கேலியாகச் சொல்வார்கள். அந்தக் கூடை மண்ணை அவள் மடியில் வைத்துக்கொண்டு கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். ஏதோ ஓதி ஊதிக் கொடுத்தாள். நான் கொண்டுபோய் நட்டேன்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் எனக்கு ஒரு வேலை. ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும்போது வாசலில் ஒரு குடம் தண்ணீர் தயாராக இருக்கும். அதைத் தோளில் வைத்துக்கொண்டு மையவாடிக்குப் போய்க் கன்றுக்கு ஊற்றிவிட்டு, வெறுங்குடத்தைப் பள்ளிவாசல் ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொழப் போவேன். திரும்பி வந்ததும் அவள் கதவு நிலைக்குப் பக்கத்தில் மைக்கூட்டோடு நிற்பாள்.

“எவ்ளோ இருக்கு?”

நான் கையை வைத்துக் காட்டுவேன். அந்த உயரத்தில் நிலையில் ஒரு மைக்கோடு போடுவாள். ஆணிக்கோட்டுக்கு முக்கால் முழம் கீழே ஆரம்பித்தது மரம். தை மாதத்தில் அரை முழம் கீழே. பங்குனியில் நாலு விரல் கீழே. அந்த ஒரு நேரம் மட்டும்தான் நாங்கள் இரண்டு பேரும் மகனைப் பற்றிப் பேசியது. அதுவும் அவன் பெயரைச் சொல்லாமல்.

அந்த வருஷம் ஐப்பசி கார்த்திகை மழை பொய்த்துவிட்டது. மாசியிலேயே தெருக் கிணறுகள் தரை தட்டின. தெருக்குழாயில் ஒரு வீட்டுக்கு நாளுக்கு இரண்டு குடம், அதற்கும் விடிகாலையிலிருந்து வரிசை. அந்த இரண்டில் வாரத்துக்கு ஒரு குடத்தை அவள் எப்படி மிச்சம் பிடித்தாள் என்பதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் துடைத்து வைத்தாள். தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப் போட்டாள். அவள் உதடு வெடித்திருந்ததைப் பார்த்தேன், வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை குடத்தோடு போய்க்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் வாசலில் குடிதண்ணீர்ப் பானை ஒன்று உண்டு. வழிப்போக்கர்களுக்காக வைத்தது. அன்று அது வறண்டு கிடந்தது. பக்கத்தில் கையில் தம்ளரோடு உட்கார்ந்திருந்த ஜமாத்துப் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

“இன்னாப்பா, இருக்குறவனுக்கே குடிக்கத் தண்ணி இல்ல. நீ மரத்துக்கு எடுத்துக்கினு போறியே, நல்லா இருக்குதா இது?”

சுற்றி நாலு பேர் நின்றார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. குடத்தை இறக்கி அந்தப் பானையில் ஊற்றினேன். பெரியவர் ஒரு தம்ளர் மொண்டு குடித்துவிட்டு, அல்லா உனக்குக் குறை வைக்க மாட்டான் என்று வாழ்த்தினார். எனக்கும் நல்ல காரியம் செய்த மாதிரித்தான் இருந்தது. அதோடு என் மண்டி அறிவு வேறு பக்கத்தில் நின்று பேசியது. சவுக்கு தாகம் தாங்கும், ஒரு வாரம் பொறுக்காதா?

அடுத்த வாரமும் பானையில்தான் ஊற்றினேன். அதற்கடுத்த இரண்டு வாரமும் அப்படித்தான். மையவாடிக்குப் போகவே இல்லை. வீட்டுக்கு வந்து குத்துமதிப்பாகக் கையை வைத்துக் காட்டினேன்.

சவுக்கு தாகம் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு கோடை தண்ணீர் கண்டு, வேர் கீழே இறங்கிய பிறகுதான் தாங்கும். அதுவரைக்கும் அதுவும் ஒரு பச்சைப்பிள்ளைதான். நாற்றங்கால்காரனுக்குத் தெரியும், தோப்புக்குக் குடம் குடமாக ஊற்றும் கூலிப் பெண்ணுக்குத் தெரியும். வெட்டிப்போட்ட கம்பை மட்டுமே பார்த்த எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் பிணத்தை வைத்து நாடி பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் வாரம் மனசு கேட்காமல் போனேன். கன்று நின்றது, ஆனால் துரு நிறத்தில் நின்றது. நுனியைத் தொட்டேன், பொடிப்பொடியாக உதிர்ந்தது. கையில் இருந்த குடத்துத் தண்ணீர் முழுவதையும் அதன் தலையில் கொட்டினேன். செத்ததற்குத் தண்ணீர் ஊற்றி என்ன ஆகும்? ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தது. நான் சுவர் மறைவில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளை போன அன்றுகூட அப்படி அழவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். அவள் மைக்கூட்டோடு நின்றாள். தண்ணீர் இல்லாமல் காய்ந்துவிட்டது என்று நான் எந்த வாயால் சொல்வேன்? ஒருமுறை பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காதே என்றவன், இன்னொரு முறை அவள் கொடுத்த தண்ணீரையும் கொண்டுபோய்ச் சேர்க்காதவன். என் கை தானாக எழுந்தது. ஆணிக்கோட்டுக்கு இரண்டு விரல் மேலே போய் நின்றது.

அவள் கோடு போட்டாள். கொஞ்ச நேரம் இரண்டு கோட்டையும் தடவிப் பார்த்தாள்.

“அவனத் தாண்டிடுச்சு,” என்றாள்.

அன்று சாயங்காலம் பொட்டுக்கடலையும் சர்க்கரையும் கலந்து, பாத்திஹா ஓதச் சொல்லித் தெருப்பிள்ளைகளுக்குக் கையில் கையில் கொடுத்தாள். பிள்ளை போனதிலிருந்து தெருப்பிள்ளைகளை அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. நானும் ஒரு கை வாங்கித் தின்றேன்.

பொய்யை வளர்ப்பது மரத்தை வளர்ப்பதைவிடச் சுலபம், தண்ணீரே கேட்காது. காய்ந்த கன்றைப் பிடுங்கிச் சுவரோரம் போட்டுவிட்டேன். கதவு நிலையில் மட்டும் அது வாரா வாரம் வளர்ந்தது. இடுப்பு, மார்பு, கழுத்து. அவள் குடம் தருவதும் நிற்கவில்லை. நான் அதைப் பள்ளிவாசல் பானையில் ஊற்றுவதும் நிற்கவில்லை. கழுத்து வரை வந்ததும்தான் எனக்குப் பயம் பிடித்தது. மையவாடிச் சுவர் ஆள் உயரம்தான். பஸ் உயரத்திலிருந்து பார்த்தால் கழுத்தளவு மரத்தின் தலை தெரிந்தாக வேண்டும்.

அந்த மழைக்காலத்தில் திருட்டுத்தனமாக இரண்டாவது கன்று வைத்தேன். இந்த முறையும் ஒரு கூடை பழைய மண். மடியில் வைத்து ஓதிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அவளிடம் மண்டிக்கு லோடு பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். இனி அவள் தரும் குடத்தில் ஒரு சொட்டும் வேறெங்கும் போகக் கூடாது என்று முடிவு செய்து, பள்ளிவாசலைச் சுற்றிக்கொண்டு பின் சந்து வழியாகப் போக ஆரம்பித்தேன். வாரத்தில் இன்னும் இரண்டு நாள் மண்டியிலிருந்து வாளியில் தூக்கிப் போனேன்.

இப்போது மையவாடியில் முழங்கால் உயரம், கதவு நிலையில் கழுத்து உயரம். நிஜம் வந்து சேரும் வரை பொய்யை நிறுத்தி வைக்க வேண்டும். முதலில், மழை பத்தாததால் வளர்ச்சி நின்றுவிட்டது என்றேன். சில மாதம் கழித்து, ஆடு நுனியைக் கடித்துவிட்டது என்றேன்.

“சுவர் இருக்கப்ப ஆடு எப்டி வந்துச்சு?”

“கேட்ட எவனோ தொறந்து வுட்டுட்டான்.”

அதற்கப்புறம் ஊரில் எந்த ஆட்டைக் கண்டாலும் திட்டினாள். பக்ரீத்துக்கு ஆடு பார்க்கப் போனபோது, “கறுப்பு ஆடா வாங்குங்க, அதுங்கதான் மரத்த மேயும்,” என்றாள். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அன்று முழுவதும் சாப்பிட முடியவில்லை.

பெருநாளைக்குக் கோட்டக்குப்பம் போகும்போது பஸ்ஸில் பெரிய பேஜாரு. மையவாடி இடது பக்கம் வரும். பெண்கள் சீட்டும் இடது பக்கம். நான் அவளை வலது பக்கத்து ஜன்னலில் உட்கார வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்துகொண்டேன்.

“அந்தப் பக்கம் வெயிலு. இங்கியே குந்து.”

“மரத்தப் பாக்கணுமே.”

“ஆடு கடிச்சது இப்பதான் துளிர்க்குது. இன்னும் மேல வரல. வந்ததும் நானே காட்டுறேன்.”

அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். மையவாடி கடக்கும்போது எதிர்ப்பக்கம் திரும்பாமல், கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். நான் எதிர் ஜன்னல் வழியாக, சுவர் கடந்து முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது வேண்டுமென்றே கடைசி பஸ்ஸைப் பிடித்தேன், இருட்டில் எதுவும் தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் மண்டியில் ஒரு கம்பு உருண்டு என் காலில் விழுந்தது. கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் துவண்டு போன குழந்தையோடு ஒரு பெண். நர்சம்மா அவளைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

“தண்ணி குடுக்காம வச்சிக்கினு இருந்தியா? யாரும்மா உனக்குச் சொன்னது? வயித்தால போறப்பதான் தண்ணி நெறைய குடுக்கணும். இல்லேன்னா புள்ள காஞ்சு போயிடும்.”

பிறகு ஒரு செம்புத் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து, எப்படிக் கொடுப்பது என்று ஸ்பூனால் ஊட்டிக் காட்டினார். குழந்தை சப்புக்கொட்டிக் குடித்தது. சுவரில் அதையே படமாகவும் ஒட்டியிருந்தார்கள். எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தேன். என் காலில் கட்டுப் போட்டவர், வலிக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார்.

வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பிள்ளையை நீதான் கொன்றாய் என்று அவள் சொல்வாள். சொல்லாவிட்டாலும் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன். நர்சம்மா எங்கள் தெருவுக்கும் வந்து தாய்மார்களைக் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். குழந்தைகளைக் கூட்டும் இடத்துக்கு என் மனைவி போவதில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது. இப்படிச் சொல்லவே நாக்கு கூசுகிறது.

அந்தத் துன்பத்துக்கு நடுவிலும் இரண்டாவது கன்று பிழைத்துக்கொண்டது. அடுத்த மழை நன்றாகப் பெய்தது. ஒரு வருஷம் போனதும் என் மார்பைத் தொட்டது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்தில் போய் நின்றேன், நுனி என் கழுத்தில் உரசியது. அன்று வீட்டில் நான் காட்டிய உயரம் உண்மையான உயரம். அவள் பழைய மைக்கோட்டின் மேலேயே இன்னொரு தடவை மை பூசினாள். என் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல இருந்தது. அதன் பிறகு மரம் கிடுகிடுவென்று போய், அடுத்த கோடைக்குள் சுவரைத் தாண்டி, கதவு நிலையின் தலைக்கட்டையையும் தாண்டிவிட்டது. கோடு போட இடம் இல்லை.

அந்தப் பெருநாளைக்கு அவளை இடது பக்கத்து ஜன்னலில் உட்கார வைத்தேன். மையவாடி வரும்போது, அதோ, என்றேன். சுவருக்கு மேல் நல்ல கரும்பச்சையாக, காற்றில் சாய்ந்து சாய்ந்து நின்றது. பஸ் வேகத்தில் ஒரு நிமிஷம்கூடத் தெரிந்திருக்காது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டி, மறையும் வரை பார்த்தாள். கண்டக்டர் சத்தம் போட்டார். முக்காடு நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அவள் அம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து பையை வைத்ததும், கதவு நிலையடியில் உட்கார்ந்தாள். மத்தியான வெயில் வாசலில் அடித்துக்கொண்டிருந்தது. எதையோ சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது.

“உங்க கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்,” என்றாள். “அன்னிக்கு நீங்க டாக்டருக்கு வண்டி பாக்கப் போனீங்க இல்ல? அப்ப நான் அவனுக்குத் தண்ணி குடுத்துட்டேன். ரெண்டு ஸ்பூன். நீங்க வேணாம்னு சொல்லியும் குடுத்துட்டேன். நாக்கு ஒட்டிக்கினு இருந்துச்சு, மனசு தாங்கல. அதுக்கப்பறம்தான் அவன் போயிட்டான்.”

நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

“நான்தான் கொன்னுட்டேன். உங்க மூஞ்சியப் பாத்து எப்டிச் சொல்றது? அதான் அந்த மரத்துக்குத் தண்ணி எடுத்து வச்சேன். என் கையால குடுத்து ஒரு உசுரு போச்சு. என் கையால குடுத்து இது பொழைச்சிக்கினா, அல்லா என்னை மன்னிச்சிட்டான்னு அர்த்தம்னு நெனச்சிக்கினேன். இப்பக் கண்ணால பாத்துட்டேன். அதான் உங்க கிட்டயும் சொல்லிட்டேன்.”

இத்தனை வருஷம் நான் அவள் பார்வைக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்தேன். அவள் என் பார்வைக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கேட்டதை அன்றே வந்து சொல்லியிருந்தால் அவளுடைய பாரம் அன்றே இறங்கியிருக்கும். நான் தப்பித்தால் போதும் என்று அவளைக் கொலைகாரியாக உட்கார வைத்திருக்கிறேன்.

“நீ கொல்லல,” என்றேன். “நீ செஞ்சதுதான் சரி. தண்ணி குடுக்கணுமாம். நெறைய குடுக்கணுமாம். குடுக்காமதான் புள்ளைங்க சாவுதாம். ஆஸ்பத்திரியில நர்சு சொன்னாங்க. நான்தான் தடுத்தேன். ரெண்டு ஸ்பூன்ல ஒண்ணும் ஆவல. நீ குடுத்ததுதான் அவன் கடேசியா ஆசையா குடிச்சது.”

அவள் என்னையே பார்த்தாள். நான் பயந்த பார்வை அது இல்லை. கணக்குப் போடுகிற மாதிரி பார்த்தாள்.

“எப்போ சொன்னாங்க?”

“ரெண்டு வருசம் ஆச்சு.”

“ரெண்டு வருசம்,” என்றாள். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் பேசவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், வெளியே போனாள். நான் கேட்டதற்கு மட்டும் தலையை ஆட்டினாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது. அந்த உயரத்து மரத்துக்கு இனிமேல் தண்ணீரே வேண்டியதில்லை. அது இப்போது உண்மையாகவே தாகம் தாங்கும் மரம். குடம் இருக்காது என்று நினைத்துத்தான் வாசலுக்கு வந்தேன். இருந்தது, விளிம்பு வரை நிறைந்து. பக்கத்தில் நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மறைக்காமச் சொல்லுங்க. நான் குடுத்தனுப்புன தண்ணியெல்லாம் அதுக்குத்தானே ஊத்துனீங்க?”

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆணிக்கோட்டைப் பார்த்தேன். அதற்கு மேலே ஏணிப்படி மாதிரி ஏறிப்போன மைக்கோடுகளைப் பார்த்தேன். அதில் பாதி, இல்லாத மரத்தின் உயரம். முதல் கன்று காய்ந்ததைச் சொல்லலாம், பள்ளிவாசல் பானையைச் சொல்லலாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி. அவளுக்கு?

“ஆமா,” என்றேன். “ஒரு சொட்டு கீழ சிந்தல.”

அவள் குனிந்து குடத்தைத் தூக்கி என் தோளில் வைத்தாள். அந்த ஒரு பொய்யை மட்டும் அவள் இருந்தவரை நான் திருத்தவில்லை.

பின் சந்து வழியாகப் போகப் பிடிக்கவில்லை. பள்ளிவாசல் முன்பாகவே நடந்தேன். வாசல் பானை அன்றும் காலி. பக்கத்தில் அதே பெரியவர், அதே தம்ளர்.

“வாப்பா. தண்ணிதானே? இப்டி ஊத்திட்டுப் போ.”

“இல்ல பாய்,” என்றேன். “இது புள்ளைக்கு.”

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். நான் மையவாடிக்குப் போய், குடத்தில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் மரத்தடியில் ஊற்றி, மண் குடித்து முடிக்கும் வரை நின்றுவிட்டு வந்தேன்.